வெயில்ல மங்குற திரை எதுக்கு?

இந்தப் பதிவு கொஞ்சம் டெக்னிக்கல். பயந்து ஓடிடாதீங்க மக்களே, சமன்பாடெல்லாம் கிடையாது. ஒரே ஒரு வகுத்தல் கணக்கு மட்டும் நடுவுல வரும், அதையும் நானே போட்டுக் காட்டிடுறேன். :-)

போர்விமானத்தோட காக்பிட் படத்தை யாராவது போட்டா உடனே நம்ம பயலுக பேசுறது ரெண்டு விஷயம். திரை எத்தனை இஞ்ச், வெளிச்சம் எத்தனை நிட். என் கட்சி என்னன்னா, இந்த ரெண்டாவது கேள்வியே அரைகுறை. "எத்தனை டிகிரியில எத்தனை நிட்"னு கேக்கணும். விவரப் பட்டியல்ல போட்டிருக்குற நம்பர் பெரும்பாலும் 25 டிகிரியில எடுத்தது. 25 டிகிரி மதுரையில எப்ப இருக்கும்? மார்கழி காலையில, அதுவும் கொஞ்ச நேரம்.

கோரிப்பாளையம் சிக்னல்ல மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு நின்னு பாருங்க. ஏ.வி. பாலத்துல இருந்து வர்ற வண்டி, பெரியாஸ்பத்திரிக்குப் போற வண்டி, எல்லாம் தேவர் சிலையைச் சுத்தி முட்டிக்கிட்டு நிக்கும். அதுல பாதி பைக்குல ஹேண்டில்பார்ல ஒரு போன் மாட்டியிருக்கும். சாப்பாடு கொண்டுபோற தம்பிங்க, பைக் டாக்சி ஓட்டுற அண்ணன்மாருங்க. அவய்ங்களைக் கவனிச்சிருக்கீங்களா? சிக்னல்ல நின்ன உடனே ஒரு கையை போனுக்கு மேல குடை மாதிரி பிடிப்பாய்ங்க. வெயில் அதிகமா இருக்கு, திரை தெரியல. சரி, அது ஒரு பாதி. இன்னொரு பாதிதான் கொடுமை. போன் சூடாயிருச்சுன்னா தன்னைக் காப்பாத்திக்க அதுவே வெளிச்சத்தைக் குறைச்சுக்கும். அதாவது வெளிச்சம் எப்ப ரொம்பத் தேவையோ, சரியா அப்பத்தான் மங்கும்.

இது அந்த போனோட பழுது இல்ல. அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஆப்பிள் கம்பெனி தன்னோட ஐபோனை 0-ல இருந்து 35 டிகிரி வரைக்கும் உள்ள சூழல்ல பயன்படுத்தச் சொல்லுது. நம்ம ஊர்ல கோடையில நிழல்லயே 35-ஐத் தாண்டிரும். வானிலை ஆபீஸ் சொல்ற 40 டிகிரியும் காத்தாடுற வெள்ளைப் பொட்டிக்குள்ள, நிழல்ல எடுத்தது. பெட்ரோல் டேங்குக்கு மேல மாட்டுன போனுக்கு அது பொருந்தவே பொருந்தாது. சுருக்கமா, நம்ம கோடை அந்தப் பொருளோட உத்தரவாதத்துக்கு வெளியில இருக்கு.

போன் மங்குனா என்ன, பிரியாணி பத்து நிமிஷம் லேட்டாகும். இதே இயற்பியல் ஒரு விமானத்துல உக்காந்திருந்தா?

தமிழ்நாட்டுல இந்தக் கேள்வி சும்மா கற்பனைக் கேள்வி இல்ல. 2018-ல இருந்து கோயமுத்தூர் பக்கம் சூலூர்ல தேஜாஸ் விமானங்களோட 45-ஆம் படைப்பிரிவு இருக்கு. 2020 மே மாசம் 18-ஆம் படைப்பிரிவும் அங்கேயே தேஜாஸோட சேர்ந்துச்சு. அதே 2020 ஜனவரியில தஞ்சாவூர்ல சுகோய்-30 எம்.கே.ஐ. படைப்பிரிவு. சூலூருக்காவது பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உண்டு. தஞ்சாவூருக்கு என்ன இருக்கு? சித்திரை வெயில்ல அந்த ஓடுபாதைக் காங்கிரீட்டை நினைச்சாலே கால் சுடுது.

சுகோய்-30 எம்.கே.ஐ.யில முன்னால, பின்னால ரெண்டு இருக்கைக்கும் சேர்த்து ஏழு எல்.சி.டி. திரை. அதுல ஆறு, 127 மில்லிமீட்டருக்கு 127 மில்லிமீட்டர், அதாவது அஞ்சு இஞ்ச் சதுரம். தேஜாஸ்லயும் அஞ்சு இஞ்ச் சதுரத்துல மூணு திரை. பழைய மிக்-21 மாதிரி சுத்திலும் முள்ளு ஆடுற மீட்டர்கள் இல்ல. ரேடார், எரிபொருள், வரைபடம், எச்சரிக்கை எல்லாம் இந்தக் கண்ணாடிக்குள்ளதான். அவசரத்துக்கு சில மாற்று மீட்டர் உண்டுதான். ஆனா திரை தெரியலன்னா விமானிக்கு வேலை பாதி போச்சு.

இப்ப எல்.சி.டி. எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி. எல்.சி.டி. தானா ஒளிராது. அது ஒரு ஜன்னல் மாதிரி, பின்னால வெளக்கு வேணும். கொடுமை என்னன்னா ரொம்பக் கஞ்சத்தனமான ஜன்னல். முதல் துருவமாக்கித் தகடு பாதிக்கு மேல முழுங்கிரும், கலர் ஃபில்டர் மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கைத் தின்னுரும், அப்புறம் ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் உள்ள கருப்புச் சட்டம். கடைசியில பின்னால போட்ட வெளிச்சத்துல சுமார் 5 சதவீதம்தான் முன்னால வரும். முன்னால 1,000 நிட் வேணும்னா பின்னால 20,000 நிட் எரியணும். மிச்சம் 95 சதவீதம் எங்க போகும்? சூடாத்தான்.

முன்னாடி அந்த வெளக்கு ஃப்ளூரசன்ட் குழல். நம்ம வீட்டு ட்யூப்லைட்டோட ஒல்லித் தம்பி. உள்ள பாதரசம், ஓட்டுறதுக்கு நூத்துக்கணக்கான வோல்ட். குளிர்ல சட்டுனு எரியாது, அதிகச் சூட்டுலயும் பாதரச ஆவி கூடிப்போய் வெளிச்சம் கொறையும். இமயமலையில இருந்து ராஜஸ்தான் வரைக்கும் பறக்க வேண்டிய படைக்கு இது தோதான சாமான் இல்ல. தேஜாஸையே 2008 கோடையில நாக்பூர் வெயில்லயும் அதே வருஷம் டிசம்பர்ல லே குளிர்லயும் கொண்டுபோய்ச் சோதிச்சாங்க. ஒரே விமானம், ரெண்டு உலகம்.

எல்.ஈ.டி. இந்தச் சண்டையில ஜெயிச்சதுக்கு முதல் காரணம் நீல எல்.ஈ.டி. ஜப்பான்ல அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேரோட உழைப்பு. 2014-ல அவங்களுக்கு இயற்பியல் நோபல் கெடைச்சது ஞாபகம் இருக்கும். நீலச் சில்லு மேல மஞ்சள் ஒளிர்பொடியைப் பூசுனா வெள்ளை. குளிர்ல அது ட்யூப்லைட் மாதிரி அடம்பிடிக்காது, இன்னும் பிரகாசமாவே எரியும். பாதரசம் இல்ல. அதிர்ச்சி தாங்கும். வெளிச்சத்தைக் கூட்டுறதும் கொறைக்கிறதும் ஈஸி, ராத்திரியில விமானி இரவுப் பார்வைக் கண்ணாடி போட்டுக்கிட்டா அதுக்குத் தகுந்த மாதிரி தனி வரிசை எல்.ஈ.டி.யைப் போட்டுக்கலாம். அந்தக் கண்ணாடி சிவப்பும் அகச்சிவப்பும் பட்டா கூசிப் போயிரும், அதனால சிவப்பு ஒழுகாத தனி வெளக்கு. அது ஒரு தனிப் பதிவுக்கான மேட்டர், இங்க வேணாம்.

ஆனா எல்.ஈ.டி.க்கு ஒரு பரம எதிரி உண்டு. சூடு.

நம்ம ஆளுங்க நிறைய பேர் "எல்.ஈ.டி. சூடாகாது"ன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. குண்டு பல்பு மாதிரி முன்னால கதிரா சூட்டை வீசாது, அவ்வளவுதான். வெளிச்சமா மாறாத மின்சாரம் முழுக்க அந்தக் கடுகளவு சில்லோட அடியிலயே தங்குது. அதை யாராவது உலோகம் வழியா கடத்தி வெளிய கொண்டுபோகணும். கொண்டுபோகலன்னா சில்லு சூடாகும், வெளிச்சம் கொறையும், ஆயுசு கொறையும். இதுலயும் சாதி பேதம் உண்டு. நீலச் சில்லு (அதை வெச்சு செஞ்ச வெள்ளையும்) சூட்டை ஓரளவு பொறுத்துக்கும். சிவப்புச் சில்லு வேற வகைப் பொருள்ல செஞ்சது. அது 100 டிகிரிக்குப் போனா, குளிர்ந்த நிலையில தர்ற வெளிச்சத்துல கிட்டத்தட்ட பாதியை இழந்துரும். சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் கலந்து வெள்ளை செஞ்ச திரையில சூடு ஏற ஏற சிவப்பு மட்டும் தேயும், படம் நீலம் பாரிச்சுப் போகும். எச்சரிக்கை விளக்கு எந்தக் கலர்னு ஞாபகம் இருக்குல்ல?

காக்பிட்டுல எவ்வளவு சூடு வரும்? ராணுவச் சாமான்களைச் சோதிக்கிற அமெரிக்க மில்-ஸ்டாண்டர்ட்-810-ல உலர் வெப்பப் பகுதிக்கு வெளிக்காத்து 49 டிகிரி வரைக்கும் போட்டிருக்கு. மூடி வெச்ச இடத்துக்குள்ள 71 டிகிரி வரைக்கும். வெயில்ல கண்ணாடி ஏத்திவிட்டு நிறுத்துன கார்ல ஏறி உக்காந்தவங்களுக்கு இது புரியும். போர்விமானத்தோட கூரை முழுக்கக் கண்ணாடி. நேரா திரை மேல சூரியன். ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட்டுன்னு வெச்சா, அஞ்சு இஞ்ச் சதுரத் திரை மேல மட்டும் 16 வாட் வெயில் விழுது. உள்ள எல்.ஈ.டி. சூடு ஒரு பக்கம், வெளிய சூரியன் ஒரு பக்கம். நடுவுல பாவம் அந்தத் திரவப் படிகம். அதுக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டுனா படிகத்தோட ஒழுங்கு கலைஞ்சு வெறும் திரவமாயிரும், திரை அங்கங்க கருப்பா திட்டுத் திட்டாப் போயிரும். ஆறுனா சரியாயிரும். ஆறுற வரைக்கும்?

இன்னொண்ணு. வானத்துல போனா குளிருமேன்னு கேப்பீங்க. குளிரும், ஆனா காத்து மெலிஞ்சிரும். 40,000 அடியில காத்தோட அடர்த்தி கடல்மட்டத்துல இருக்குறதுல கால்வாசிதான். நம்ம கம்ப்யூட்டர் மாதிரி ஃபேன் வெச்சு ஊதலாம்ங்கிறது அங்க அவ்வளவா எடுபடாது. ரொம்ப மோசமான நேரம் உண்மையில பறக்குறப்ப கூட இல்ல, தரையில. கூரையை மூடி, ஓடுபாதை ஓரத்துல அனுமதிக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற அந்த நிமிஷங்கள்.

இப்ப சொன்ன வகுத்தல் கணக்கு. நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். திரை அதுல ஒரே ஒரு சதவீதத்தை நாலாபக்கமும் சிதறடிச்சாலும் 1,000 வரும், அதை 3.14-ஆல வகுத்தா சுமார் 320 நிட். இது திரையில கருப்பா இருக்க வேண்டிய இடத்துலயும் சேர்ந்து தெரியுற வெளிச்சம். திரையோட சொந்த வெளிச்சமும் 320 நிட்டுன்னா, வெள்ளை 640, கருப்பு 320. ரெண்டுக்கு ஒண்ணு. ஒரு மாதிரி சாம்பல் பூசுன படம், கிட்டத்தட்ட நம்ம பைக் தம்பியோட போன் மாதிரி.

இதைச் சரிபண்ண ரெண்டு வழி. ஒண்ணு, எல்.ஈ.டி.யை ரெண்டு மடங்கு எரிய விடுறது. வெள்ளை 960, கருப்பு 320, மூணுக்கு ஒண்ணு. ரெண்டாவது, திரை சிதறடிக்கிறதைப் பாதியாக் கொறைக்கிறது. வெள்ளை 480, கருப்பு 160. அதுவும் மூணுக்கு ஒண்ணு!

கவனிச்சீங்களா? முதல் வழியில உள்ள சூடு ரெண்டு மடங்கு. ரெண்டாவது வழியில ஒரு வாட் கூட ஏறல. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவுல இருக்குற காத்து இடைவெளியை ஒளிபுகும் பசையால நிரப்பி ஒட்டுறது, மேல பிரதிபலிப்பைக் கொறைக்கிற பூச்சு பூசுறது, இதெல்லாம்தான் அந்த வழி. விமானியோட கண்ணு வெளிய வெள்ளை மேகத்தைப் பாத்துப் பழகியிருக்கும், உள்ள திரும்புனா வெறும் வித்தியாசம் மட்டும் பத்தாது, கொஞ்சம் நிஜ வெளிச்சமும் வேணும்ங்கிறது வாஸ்தவம். அதனால எல்.ஈ.டி.யைக் கூட்டவே வேணாம்னு சொல்ல வரல. ஆனா விளம்பரத்துல நிட்டைத்தான் போட முடியும், "நாங்க நல்லா ஒட்டியிருக்கோம்"னு போட முடியாதே!

அடுத்து என் சொந்த சாதிக்காரங்களான சாஃப்ட்வேர் ஆளுங்களைப் பத்தி.

சூடானா வெளிச்சத்தைக் கொறைன்னு எழுதுறது அஞ்சு வரி கோடு. ஒரு சென்சார், ஒரு வரம்பு, ஒரு இஃப். எழுதி முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிரலாம். எந்த நிரலாளனுக்கும் இது பாதுகாப்பு அம்சமாத்தான் தெரியும். ஆனா இந்த அஞ்சு வரி யாரைப் பாதுகாக்குதுன்னு கேட்டுப் பாருங்க. திரையை. திரையைப் பாத்துக்கிட்டு இருக்குற ஆளை இல்ல. போனுக்கு இது நியாயம், அம்பதாயிரம் ரூவா போட்டு வாங்குனவன் அது கருகக்கூடாதுன்னுதான் நினைப்பான். விமானத்துல பாக்குறவனோட உயிர் அந்தத் திரையை விடப் பெருசு. அங்க முடிவு தலைகீழா இருக்கணும். திரை தன்னோட ஆயுசுல ஆயிரம் மணி நேரத்தைத் தியாகம் பண்ணிட்டுப் போகட்டும், அடுத்த பத்து நிமிஷம் தெரிஞ்சா போதும். ராணுவச் சாதனங்கள்ல "பேட்டில் ஷார்ட்"னு ஒரு ஸ்விட்ச் வெக்கிற வழக்கம் ரொம்ப நாளா உண்டு. அதைப் போட்டுட்டா சாதனம் தன்னைக் காப்பாத்திக்கிற வேலையை நிறுத்திட்டு எரிஞ்சாலும் பரவாயில்லன்னு ஓடும். அந்த மனநிலையை நான் முழுசா ஆதரிக்கிறேன்.

அதுக்கும் முன்னால ஒரு படி இருக்கு. அந்த இஃப் வேலை செய்ய வேண்டிய நிலைமையே வரக்கூடாது. உதாரணத்துக்கு எல்.ஈ.டி. பலகையில 30 வாட் சூடுன்னு வெச்சுக்குங்க. சில்லுல இருந்து வெளி உலோகச் சட்டம் வரைக்கும் வாட்டுக்கு ஒன்றரை டிகிரி ஏறுதுன்னா 45 டிகிரி. சுத்திலும் 71 டிகிரி. மொத்தம் 116. நிறைய எல்.ஈ.டி. சில்லுக்கு உச்சவரம்பே 120-ல இருந்து 150-க்குள்ளதான். விளிம்புல நிக்குறோம். அதே பாதையை நல்ல அலுமினியப் பலகை, நல்ல வெப்பப் பசை போட்டு வாட்டுக்கு முக்கால் டிகிரியாக் கொறைச்சா மொத்தம் 94-க்குள்ள வந்துரும். இஃப்-க்கு வேலையே இல்ல. உலோகத்துல செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டுட்டு கோடுல சமாளிக்கிறதை நான் திருட்டுத்தனம்னே சொல்வேன். கோபம் வந்தா பின்னூட்டத்துல திட்டுங்க.

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் பாத்துப்பான், நாம வாங்கி மாட்டுவோம்"னு ஒரு நண்பர் சொன்னாரு. இவர் மாதிரி யோசிக்கிறவங்க நிறைய. அவருக்கு என் பதில்: கண்ணாடி வரைக்கும் நீங்க சொல்றது சரி. டி.எஃப்.டி. கண்ணாடி ஆலை போட பல்லாயிரம் கோடி வேணும், அது நம்மகிட்ட வளரல. ஆனா விமானத் திரையில கண்ணாடி ஒரு பாகம்தான். உலகம் முழுக்கவே வெளியில கிடைக்கிற கண்ணாடியை வாங்கி, பின்னால இருக்குற வெளக்கைக் கழட்டிப் போட்டுட்டு, தங்களோட வெளக்கு, தங்களோட உலோகச் சட்டம், தங்களோட ஒட்டுற வேலைன்னு மாத்திக் கட்டுறவங்க இருக்காங்க. நம்ம நாட்டுலயே ஒரு காலத்துல டிவிக்குப் பிக்சர் ட்யூப் செஞ்ச சாம்டெல் குழுமம் ஹெச்.ஏ.எல்.லோட கூட்டு சேர்ந்து சுகோய்-30-க்குத் திரை செஞ்சுது. ஐ.ஐ.டி. கான்பூர்ல டிஸ்ப்ளே தொழில்நுட்பத்துக்குன்னு சாம்டெல் பேர்ல ஒரு மையமே வந்துச்சு. ஆக முடியாத காரியம் இல்ல.

சூட்டோட சண்டை போடுற அந்தப் பாதி வேலைக்குப் பல்லாயிரம் கோடி வேணாம். அலுமினியம் கடையத் தெரியணும், பசை பூசத் தெரியணும், பொறுமையா அளக்கத் தெரியணும். சோதனைக்கூடத்துக்கு அடுப்பு கூட மே மாசம் பாதி ஓசி. :-)

ஆனா நம்ம பக்கம் என்ன சொல்லிக் குடுக்குறோம்? மதுரையைச் சுத்தி இருக்குற ஒரு கல்லூரியிலதான் நானும் எலக்ட்ரானிக்ஸ் படிச்சேன். எல்.ஈ.டி.ன்னா ஒரு டயோடு படம், ரெண்டு அம்புக்குறி, ஒரு 330 ஓம் ரெசிஸ்டர். லேப்ல எரிஞ்சா மார்க். அது எவ்வளவு சூடாச்சுன்னு நாலு வருஷத்துல ஒருத்தரும் தொட்டுப் பாக்கச் சொல்லல. சூடு மெக்கானிக்கல்காரன் பாடமாம், நமக்கு இல்லையாம். மெக்கானிக்கல் பயலைக் கேட்டா அவன் பாய்லர் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தான். ரெண்டு டிபார்ட்மென்ட்டுக்கும் நடுவுல இருந்த அந்தச் சுவத்துலதான் இந்த மொத்தத் தொழிலும் மாட்டிக்கிட்டு நிக்குது.

கோரிப்பாளையத்துல எங்க தெரு முனையில ஒரு மொபைல் சர்வீஸ் கடை இருக்கு. கடைக்கார அண்ணன் எட்டாவதுதான் படிச்சவரு. கோடை வந்தா திரை ஒட்டுன பசை இளகி வர்ற போனுங்க எத்தனை, பேட்டரி உப்பி வர்றது எத்தனைன்னு விரல் விட்டுச் சொல்வாரு. எந்தப் பசை மே மாசத்தைத் தாங்கும், எது தாங்காதுன்னு அவருக்குத் தெரியும். "கம்பெனிக்காரன் அவன் ஊரு குளிருக்குச் செஞ்சிருக்கான் தம்பி, நான் நம்ம ஊரு வெயிலுக்கு ஒட்டித் தர்றேன்"னு சொல்வாரு. ஏவியானிக்ஸ் டெண்டர் எழுதுற ஆளுங்க ஒருநாள் அவர்கூட உக்காந்து டீ குடிக்கணும்னு எனக்கு ஆசை.

டெண்டர்னதும் ஞாபகம் வருது. நான் கேக்குறது ரொம்பச் சின்ன விஷயம்தான். ராணுவமோ, ரயில்வேயோ, பஸ்ஸுக்கு வழித்தடப் பலகை வாங்குற போக்குவரத்துக் கழகமோ, யார் திரை வாங்குனாலும் வெளிச்ச நம்பருக்குப் பக்கத்துல டிகிரியையும் எழுதி வாங்கட்டும். உள்ள 71 டிகிரி, மேல நேர் வெயில், ரெண்டு மணி நேரம் எரிஞ்சதுக்கப்புறம் எத்தனை நிட், எத்தனைக்கு எத்தனை வித்தியாசம். அந்த ஒரு வரியைச் சேர்த்தாலே அஞ்சு வரி கோடை வெச்சு ஒப்பேத்துற பாதிப் பேரு ஏலத்துக்கே வரமாட்டாய்ங்க.

ஏவியானிக்ஸ் பக்கம் வேலை பாக்குற பதிவர்கள் யாராவது இருந்தா, ஒட்டுற பசை எத்தனை கோடைக்கு மஞ்சளாகாம நிக்குதுன்னு சொல்லக்கூடியதை மட்டும் சொல்லுங்க. எனக்கு இப்போதைக்கு மண்டையைக் குடையுற கேள்வி அதுதான்.

டிஸ்கி: நான் பாதுகாப்புத் துறையில வேலை பாக்கல, ரகசியம் எதுவும் என்கிட்ட இல்ல. பேங்க் சாஃப்ட்வேர் எழுதுறவன். ஆபீஸ் ஏ.சி.யில 23 டிகிரி.